ஓர் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலையும் மேற்கோள் கணக்கையும் சரியாகப் படிப்பது எப்படி?

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு உதவி மேஜை என்னுடையது. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, "இவரோட எச்-இண்டெக்ஸ் என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?" ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் (அதுதான் மேற்கோள்) என்பதை வைத்துப் போடும் எண் அது; கணக்கைப் படி 5-ல் காட்டுகிறேன். பார்த்துச் சொல்ல 2 நிமிடம் போதும். ஆனால் அந்த எண்ணை வைத்து ஒருவருக்கு வேலை கிடைக்கிறது, இன்னொருவருக்குக் கை நழுவுகிறது. அடுத்த 5 வருடம் யாரிடம் ஆய்வு செய்வது என்று ஒரு மாணவி முடிவெடுக்கிறாள். அதனால் அதை 2 நிமிட வேலையாகச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஒருவரின் பதிவை ஒழுங்காகப் பார்க்க அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாளில் என்ன செய்கிறேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறையைச் சொல்லாமல் மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தம் கிடையாது. எச்-இண்டெக்ஸை உருவாக்கிய ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் எழுதிய கட்டுரையிலேயே இது தெரிகிறது. அவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இயற்பியல் பேராசிரியர். இயற்பியலாளர்களில் அவர் கணக்குப்படி முதலிடம் எட்வர்ட் விட்டனுக்கு, எண் 110. உயிரியல் பக்கம் போனால் சாலமன் ஸ்னைடருக்கு 191. அதற்காக ஸ்னைடர் விட்டனைவிடப் பெரிய விஞ்ஞானி என்று யாரும் சொல்லமாட்டார்கள். உயிரியலில் ஆட்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் வரும் மேற்கோள் பட்டியலும் நீளம். எண் பெரிதாவதற்கு அதுவே போதும்.

படி 1: எதற்காகப் பார்க்கிறோம் என்று எழுதிவையுங்கள்

ஒரே வரி போதும். "இவரிடம் கைடாகச் சேரலாமா", "இந்தப் பதவிக்கு இவர் பொருந்துவாரா", "என் சொந்தப் பதிவில் என்ன குறை". கைடு தேடும் மாணவிக்கு ஒருவரின் 1995-ம் ஆண்டுக் கட்டுரையின் 800 மேற்கோள்களைவிட, கடந்த 5 வருடத்தில் அவருடைய மாணவர்கள் முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். கேள்வி மாறினால் பார்க்கவேண்டிய இடமும் மாறும்.

படி 2: ஆள் அவர்தானா?

நம் ஊர்ப் பெயர்களில் இதுதான் பெரிய சிக்கல். முத்துசாமி மகன் செந்தில்குமார் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டிலும் சான்றிதழிலும் அவர் எம். செந்தில்குமார். முதல் கட்டுரையில் செந்தில்குமார் எம். என்று வரும். அடுத்த இதழில் யாரோ பெயரை இரண்டாகப் பிரித்து செந்தில் குமார் என்று போட, தரவுத்தளத்தில் அவர் குமார் எம்.எஸ். ஆகிவிடுவார். அப்புறம் பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதியதால், வெளிநாட்டு இதழ் கேட்கும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் போய் விழும். இப்போது அவர் முத்துசாமி எஸ். ஒரே மனிதர், மூன்று ஆய்வாளர்கள். அவருடைய மேற்கோள்களும் மூன்றாக உடைந்து கிடக்கும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிக்கொண்ட பெண்களுக்கு இன்னும் மோசம்; பாதிப் பதிவு பழைய எழுத்திலேயே நின்றுவிடும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. ஒரு தாவரவியல் ஆய்வாளரின் பட்டியலை ஒரு தேர்வுக்குழுவுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் பாசி, சதுப்புநிலம், மறுபடியும் கடல் பாசி என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் திடீரென்று அலுமினிய வெல்டிங். கீழே இறங்கினால் இன்னும் நிறைய வெல்டிங். அதே இனிஷியல், அதே பெயர் கொண்ட பொறியியல்காரர் ஒருவரின் கட்டுரைகள் தானாக வந்து சேர்ந்திருந்தன. அவருக்கே அது தெரியாது. குழுவில் யாராவது முதலில் பார்த்திருந்தால், அவர் வேண்டுமென்றே சேர்த்துக்கொண்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள். போன் போட்டுச் சொன்னேன். அன்று மாலையே நீக்கிவிட்டார்.

ஆகவே முதலில் ஆர்க்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2012 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை இது; ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்க அடையாளம் ஒன்று தரும். அது இல்லையென்றால் பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கட்டுரையில் உள்ள நிறுவனப் பெயர், மின்னஞ்சல், கூட ஆசிரியர்கள் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால்தான் பட்டியலில் சேர்க்கவேண்டும். உங்கள் சொந்தப் பதிவென்றால் இன்றே ஒரு பெயர் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதையே எழுதுங்கள். இதை முதலாண்டு மாணவர்களிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது வழக்கம்.

படி 3: பட்டியலை எங்கிருந்து எடுப்பது?

மேற்கோள்களைத் தொகுத்துத் தேடும் வழியை 1955-ல் முன்வைத்தவர் யூஜின் கார்ஃபீல்டு. 1964-ல் அவருடைய நிறுவனம் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை வெளியிட்டது. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வாரிசு. நூலகத்தில் எண்களை வைத்து ஆராய்வதற்கு ஒரு பெயர் வைத்தவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் என்பது பலருக்குத் தெரியாது. 1948-ல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில் நடந்த நூலக மாநாட்டில் அவர் அதை 'லைப்ராமெட்ரி' என்றார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த கணித ஆசிரியர் அல்லவா!

இப்படி மேற்கோள்களைத் தொகுத்துத் தரும் தளங்கள் இன்று முக்கியமாக நான்கு. வெப் ஆஃப் சயின்ஸும் ஸ்கோப்பஸும் இதழ்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும். முழுதாகப் பயன்படுத்த நிறுவனச் சந்தா வேண்டும். 2004-ல் வந்த கூகுள் ஸ்காலர் இலவசம். ஆனால் அது ஆய்வேடு, முன்வரைவு (இதழில் வருவதற்கு முன் வெளியிடும் வடிவம்), மாநாட்டுத் தாள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். அதனால் எண் அங்கே எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். 2022-ல் வந்த ஓப்பன்அலெக்ஸும் இலவசம். அதன் தரவை மொத்தமாக இறக்கிக்கொள்ளவும் முடியும்.

எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் ஒருவருக்கு ஸ்காலர், இன்னொருவருக்கு ஸ்கோப்பஸ் என்று கலந்து ஒப்பிடாதீர்கள். நான் பார்த்த தவறுகளில் அதிகம் நடப்பது இதுதான். எண்ணுக்குப் பக்கத்தில் எந்தத் தளம், எந்தத் தேதி என்று எழுதிவிடுங்கள்.

துறைக்கென்று தனித் தளம் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். மருத்துவத்துக்கு பப்மெட், கணிதத்துக்கு மேத்சைநெட், துகள் இயற்பியலுக்கு இன்ஸ்பயர், கணினி அறிவியலுக்கு டி.பி.எல்.பி. கணினித் துறையில் முக்கியமான வேலைகள் மாநாடுகளில்தான் முதலில் வெளியாகும். இதழ்களை மட்டும் எண்ணினால் அந்தத் துறையில் ஒரு நல்ல ஆய்வாளர் ஒன்றும் செய்யாதவர்போலத் தெரிவார்.

தமிழ் இலக்கியம், வரலாறு, கல்வெட்டு போன்ற துறைகளில் இந்த நான்கு தளங்களுமே போதாது. அங்கே உழைப்பெல்லாம் புத்தகமாகவும் பதிப்பாகவும் தமிழ் இதழ்க் கட்டுரையாகவும் வருகிறது. ஒரு சுவடியைப் பாடவேறுபாட்டோடு பதிப்பித்தவரின் பெயர் ஸ்கோப்பஸில் இல்லை என்பதற்காக அவரைப் பூஜ்யம் என்று படிவத்தில் நிரப்புவது அநியாயம். அப்படிப்பட்டவருக்கு நூற்பட்டியலைக் கையால்தான் தயாரிக்கவேண்டும்.

படி 4: சுத்தம் செய்யுங்கள்

பட்டியலை எக்ஸெலில் கொட்டுங்கள். ஆண்டு, தலைப்பு, இதழ், வகை, ஆசிரியர் எண்ணிக்கை, இவருடைய இடம், மேற்கோள் என்று 7 பத்தி. இரட்டிப்பாக வந்ததை நீக்குங்கள். ஒரே கட்டுரையின் முன்வரைவும் இதழ் வடிவமும் தனித்தனியாக நிற்கும். ரிவியூ கட்டுரைகளுக்கு வேறு நிறம் கொடுங்கள். ஒரு துறையின் நிலவரத்தைத் தொகுத்துத் தரும் கட்டுரைகள் என்பதால் அவற்றுக்கு மேற்கோள் பொதுவாகவே அதிகம் கிடைக்கும். அதில் தவறொன்றுமில்லை, ஆனால் புதிய கண்டுபிடிப்போடு சேர்த்து எண்ணக்கூடாது.

படி 5: கணக்குப் போடுவது

எச்-இண்டெக்ஸைக் கையாலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேற்கோள் அதிகம் உள்ள கட்டுரை மேலே வருமாறு அடுக்குங்கள். ஒருவரின் 10 கட்டுரைகளுக்கு 48, 31, 22, 15, 9, 8, 7, 6, 3, 1 என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். 7-வது கட்டுரைக்கு 7 மேற்கோள், சரி. 8-வதுக்கு 6 தான், நின்றுவிடவேண்டும். எச்-இண்டெக்ஸ் 7. அதாவது குறைந்தது 7 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 7 இருக்கின்றன. ஸ்காலர் காட்டும் ஐ10 இண்டெக்ஸ் 10-க்குக் குறையாத மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை, இவருக்கு 4.

இப்போது முதல் கட்டுரையின் 48-ஐ அழித்துவிட்டு 4,800 என்று எழுதுங்கள். எச்-இண்டெக்ஸ் மாறாது, அதே 7. ஒரு துறையையே புரட்டிப் போட்ட கட்டுரை அந்த எண்ணுக்குள் தெரியவே தெரியாது. இன்னொன்று, இந்த எண் குறையவும் குறையாது. ஒருவர் ஆய்வை விட்டுவிட்டுப் பத்து வருடம் ஆனாலும் அது ஏறும், இல்லையென்றால் நிற்கும். அதனால் 12 வருட அனுபவக்காரரையும் 30 வருட அனுபவக்காரரையும் பக்கத்தில் வைக்கும்போது, முதல் கட்டுரை வந்து எத்தனை வருடம் ஆனது என்பதால் வகுத்துப் பாருங்கள். ஹிர்ஷே இதைச் சொல்லியிருக்கிறார். இயற்பியலில் வருடத்துக்கு 1 என்ற வேகம் ஒரு வெற்றிகரமான ஆய்வாளருக்கு அடையாளம் என்பது அவர் கணிப்பு. மகப்பேறு, நோய் போன்ற இடைவெளிகளைக் கழித்துவிட்டு வகுப்பதுதான் முறை.

படி 6: துறைக்கு ஏற்பச் சமன்செய்வது

நேரம் அதிகம் செலவாகும் இடம் இது, செலவழிக்கவும் வேண்டும்.

கணிதத்தில் ஒரு கட்டுரை அச்சாகவே ஒன்றிரண்டு வருடம் ஆகும், மற்றவர்கள் அதைப் படித்து மேற்கோள் காட்ட இன்னும் சில வருடம். புற்றுநோய் உயிரியலில் ஆறு மாதத்தில் மேற்கோள் விழத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு கட்டுரையை அதே ஆண்டில், அதே உட்துறையில், அதே வகையில் வந்த உலகக் கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிடவேண்டும். ஒரு பேச்சுக்கு, 2019-ல் வந்த ஒரு கணிதக் கட்டுரைக்கு 12 மேற்கோள், அந்த உட்துறையின் சராசரி 6 என்று வையுங்கள். 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2. அதே ஆண்டின் புற்றுநோய்க் கட்டுரை ஒன்றுக்கு 40 மேற்கோள், அங்கே சராசரி 50. வகுத்தால் 0.8. முதலில் சிறியதாகத் தெரிந்த 12 இப்போது உலகச் சராசரியைப்போல இரண்டு மடங்கு. 40 சராசரிக்குக் கீழே. ஸ்கோப்பஸ் தரவில் ஃபீல்டு வெயிட்டட் சைட்டேஷன் இம்பாக்ட் என்று வருவது இந்தக் கணக்குதான். 1 என்றால் உலகச் சராசரி.

சராசரியிலும் ஒரு பள்ளம் உண்டு. 10 கட்டுரை எழுதியவருக்கு ஒரே ஒரு கட்டுரை பிரமாதமாக ஓடினால் மொத்தச் சராசரியும் எகிறிவிடும். அதற்குப் பதில், தம் துறையில் அந்த ஆண்டின் முதல் 10 சதவீதத்தில் இவருடைய கட்டுரைகள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். எனக்கு இது அதிகம் நம்பகமாகப் படுகிறது.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அதில் சமீபத்தில் வந்த கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளை, வைத்துக் கட்டுரையை மதிப்பிடவே வேண்டாம். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ பிரிவின் கதையைச் சொல்வேன். 2008-ல் அதன் இம்பாக்ட் ஃபேக்டர் 2.051. 2009-ல் 49.926. இதழின் தரம் ஒரே வருடத்தில் 24 மடங்கு ஏறிவிடவில்லை. 2008-ல் ஜார்ஜ் ஷெல்ட்ரிக், படிக அமைப்பைக் கணிக்க உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை அந்த இதழில் எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இந்தக் கட்டுரையையே மேற்கோள் காட்டலாம் என்றும் குறிப்பிட்டிருந்தார். பயன்படுத்தியவர்கள் எல்லாரும் காட்டினார்கள். அந்த ஒரு கட்டுரை இதழ் முழுவதையும் தூக்கிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் வந்த மற்றக் கட்டுரைகளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் செய்திகளில் வரும் "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்" பட்டியலையும் இந்த இடத்தில் சொல்லிவிடவேண்டும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் சக ஆய்வாளர்களும் 2019 முதல் ஸ்கோப்பஸ் தரவைக் கொண்டு தயாரிப்பது அது. 22 துறைகள், 170-க்கு மேற்பட்ட உட்துறைகள் என்று பிரித்திருக்கிறார்கள். மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், கூட ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய எச்-இண்டெக்ஸ், தனியாகவும் முதலாவதாகவும் கடைசியாகவும் பெயர் வந்த கட்டுரைகளின் மேற்கோள் என 6 அளவுகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் வரும். இதில் இரண்டு பட்டியல்கள் தனித்தனியாக உண்டு: வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஆண்டுக்கு ஒன்று. செய்தியைப் படித்தால் எந்தப் பட்டியல் என்று முதலில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. கோப்பை இறக்கித் திறந்தால் சுயமேற்கோள் சதவீதம் தனிப் பத்தியில் இருக்கும். பெயரைக் கண்டதும் கோப்பை மூடிவிடாமல் அந்தப் பத்திவரை போய்ப் பாருங்கள்.

படி 7: ஆசிரியர் வரிசையில் அவர் இடம்

உயிரியலிலும் மருத்துவத்திலும் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசைதான், முதலாவதாக வருவதற்குத் தனி அர்த்தமில்லை. துகள் இயற்பியலிலோ கதையே வேறு. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து, ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். குழுக்கள் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் ஆய்வு 9 பக்கம், மீதி 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும். அந்தக் கட்டுரையின் மேற்கோளை 5,154 பேருக்கும் முழுசாகக் கொடுத்தால் எந்த ஒப்பீடும் செல்லாது. அதனால்தான் எக்ஸெலில் ஆசிரியர் எண்ணிக்கைக்கும் இடத்துக்கும் தனிப் பத்தி போடச் சொன்னேன். அப்புறம், சில இதழ்கள் யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று கட்டுரை முடிவில் போடுகின்றன. இருந்தால் அதைப் படிப்பதுதான் எல்லாவற்றையும்விட நல்லது.

படி 8: மேற்கோளைத் திறந்து படியுங்கள்

ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே உள்ள மேற்கோள் எண்ணைத் தட்டினால், அதைச் சுட்டிய கட்டுரைகள் வரிசையாக வரும். அவற்றுக்குள் மட்டும் தேடும் வசதியும் மேலே இருக்கிறது. முக்கியமான 3 கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் சுட்டியவற்றில் 10-ஐத் திறந்து, எந்த வாக்கியத்தில் சுட்டியிருக்கிறார்கள் என்று படியுங்கள்.

முதலில் யார் சுட்டுகிறார்கள் என்று பாருங்கள். அவரே, அவர் குழுவே, மாறி மாறி ஒருவரையொருவர் சுட்டும் அதே ஐந்தாறு பேரா, அல்லது அவரை அறியாத வேறு நாட்டு ஆய்வகங்களா? சுயமேற்கோள் தப்பில்லை, தொடர்ச்சியான ஆய்வில் முந்தைய வேலையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சக துறையினரைவிடப் பல மடங்கு இருந்தால் விசாரியுங்கள். சிறிய துறைகளில் இந்த மாறி மாறிச் சுட்டும் வேலை எளிது. அதனால்தான் வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம், அதிக மேற்கோள் பெற்றவர்களின் 2023 பட்டியலில் கணிதத் துறையையே விட்டுவிட்டது.

எதற்காகச் சுட்டுகிறார்கள் என்பது அடுத்தது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழுவினர் 1998-ல் தி லான்செட் இதழில் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி எழுதிய கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கும் மேற்கோள்கள் ஏராளம், பெரும்பாலானவை மறுப்பதற்காக. பட்டியலில் உள்ள ஒவ்வொரு தலைப்பையும், திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள், இலவசம்தான். திரும்பப் பெற்ற கட்டுரை இருந்தால் உடனே முடிவு கட்டவேண்டாம். தங்கள் தவறைத் தாங்களே கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றவர்களும் உண்டு. காரணத்தைப் படியுங்கள்.

முறையைச் சொல்லும் கட்டுரைகளுக்கு மேற்கோள் குவியும். புரத அளவைக் கண்டறியும் வழியை ஆலிவர் லௌரி குழுவினர் 1951-ல் எழுதினார்கள். அதிக மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளின் பட்டியலை 2014-ல் நேச்சர் இதழ் வெளியிட்டது; அதன் கணக்கில் இதற்கு 3 லட்சத்துக்கும் மேல். அந்த முதல் 100 கட்டுரைகள் வரிசையில் டி.என்.ஏ. இரட்டைச் சுருளைச் சொன்ன 1953-ம் ஆண்டுக் கட்டுரை இல்லை.

எண்ணே வராத பெருமையும் உண்டு. ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-ல் ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி இதழில் 5 பக்கத்தில் ஒன்றை எழுதினார்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எதில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று காட்டும் வரைபடம் அதிலிருந்து வந்தது. இன்றும் ஒரு புரத அமைப்பைக் கணித்தால், அது சரிதானா என்று ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்ததாக எழுதுகிறார்கள், ஆனால் 1963 கட்டுரையைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடுவதும் சகஜம். பாடப்புத்தகத்தில் கலந்துபோன விஷயத்துக்கு யார் மேற்கோள் போடுவார்கள்? ஒருவருடைய பெயரே ஒரு முறைக்கோ கருவிக்கோ ஆகியிருக்கிறதா என்று அவர் துறையில் இருப்பவர் ஒருவரைக் கேளுங்கள். எந்தத் தளத்திலும் அதற்குப் பத்தி கிடையாது.

காலம் தாழ்ந்து விழிக்கும் கட்டுரைகளும் இருக்கின்றன. ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் 1935-ல் குவாண்டம் இயக்கவியல் பற்றி எழுதியது பல பத்தாண்டுகள் பெரிதாகச் சுட்டப்படாமல் கிடந்தது. குவாண்டம் தகவல் ஆய்வு வளர்ந்த பிறகுதான் மேற்கோள்கள் கொட்டின.

படி 9: எழுதுவது

ஒரே எண்ணில் முடிக்காதீர்கள். நான் எழுதிக் கொடுப்பது ஒரு பக்கம். மேலே தளத்தின் பெயர், தேதி. அப்புறம் துறை, முதல் கட்டுரை ஆண்டு, இடைவெளிகள். கட்டுரைகள் வகைவாரியாக எத்தனை, அவற்றில் முதல் அல்லது கடைசி ஆசிரியராக எத்தனை. எச்-இண்டெக்ஸ், சுயமேற்கோளோடும் இல்லாமலும். துறை முதல் 10 சதவீதத்தில் எத்தனை. அதற்குக் கீழே, 3 முக்கியக் கட்டுரைகள் என்ன சொல்கின்றன, யார் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. இந்த நான்கு வரிக்காகத்தான் அரை நாள் போகிறது. தேர்வுக்குழுவில் இருந்த ஒரு பேராசிரியர், எண்களைத் தாண்டி நேராக அந்த வரிகளுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, அந்தப் பக்கத்தைக் குழுவுக்கு அனுப்புவதற்கு முன் அந்த ஆய்வாளருக்கே அனுப்பி, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். ஆய்வு மதிப்பீட்டுக்கென்று 2015-ல் வந்த லெய்டன் அறிக்கையின் 10 கொள்கைகளில் இதுவும் ஒன்று. நான் அனுப்பியவர்களில் பெரும்பாலானோர் இரண்டு மூன்று நாளில் பதில் போடுவார்கள். "மேடம், என் 2009 கட்டுரை காணோம், அதுல என் பேர் அப்பா பேரோட இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தேடினேன், இருந்தது. 64 மேற்கோள்களோடு.